மறுமொழி: 'முனைமலர்ச்சி' வேண்டாம், 'முனைவிரிவு' போதும்

அன்புள்ள குழுவினருக்கு,

மான் வேட்டைக் கையேட்டு மொழிபெயர்ப்புக்காக நான் கேட்ட சொற்களுக்குப் பரிந்துரைகள் குவிந்துவிட்டன. நன்றி. முதலில், குண்டு உடலில் பட்டதும் அதன் முனை விரிந்து அகல்வதைக் (expansion, mushrooming) குறிக்கும் சொல். அதற்கு வந்தவற்றில் 'காளானாதல்' என்பதை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். ஆங்கிலேயர் கண்ணுக்குக் காளானாகத் தெரிந்தது நமக்கும் அப்படியே தெரிய வேண்டியதில்லை. 'முகமலர்ச்சி' விளையாட்டாக எழுதப்பட்டது என்றே நம்புகிறேன். கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பவருக்கு உரிய சொல் அது.

'முனைமலர்ச்சி'தான் என்னைத் தயங்க வைத்தது. ஸ்காட்லாந்திலிருந்து மைத்துனர் கொண்டுவந்த குண்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது. சிவப்பு மானின் மார்பைக் கடந்து, மறுபக்கத் தோலுக்கு அடியில் சிக்கியிருந்ததாம். உள்ளே போகும்போது விட்டம் 7.8 மி.மீ.; இப்போது அளந்தால் 15. முழுச் செம்பு. முனை நான்காகப் பிளந்து பின்பக்கம் சுருண்டிருக்கிறது. இதழ்கள் என்று சொல்ல நாக்கு துடிக்கத்தான் செய்கிறது.

ஆனால் இந்தச் சொல் வேட்டைக் கையேட்டோடு நிற்காது. மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்கிறது 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையின் குண்டுகள்தான் அந்தச் சர்ச்சையைக் கிளப்பின. ஸ்காட்லாந்தின் 1985 ஆணையோ, மானைச் சுட விரியும் குண்டுதான் வேண்டும் என்கிறது. அங்கே தடை, இங்கே கட்டாயம். இரண்டிலும் பொருந்தும் சொல்லே நமக்கு வேண்டும். 'மனித உடலில் மலரும் குண்டு' என்று ஒப்பந்தத்தில் எழுத எனக்குக் கை வராது. எனவே முனைவிரிவு, பெயரடையாக, முனைவிரி குண்டு. வெறும் 'விரிவு' போதாது. வெப்பத்தால் உலோகம் விரிவதை இயற்பியல் பாடநூல் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறது.

அடுத்தது ஊடுருவல், அதாவது குண்டு உடலைத் துளைத்து உள்ளே செல்வது (penetration). எல்லைப் பிரச்சினைச் செய்திகள் அதைக் கைப்பற்றிவிட்டன என்ற புகார் சரிதான். இருந்தாலும் செயலுக்கு அதையே வைத்துக்கொள்வோம். அளவைக் குறிக்கத் துளையாழம் என்போம். இப்போது ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'முனைவிரிவு மிகுந்தால் தடை கூடித் துளையாழம் குறையும்.' வேட்டைக்காரரின் தலைவலி முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. முனை சீக்கிரம் விரிந்தால் குண்டு தோள் எலும்போடு நின்றுவிடும். மான் காயத்தோடு ஓடும். விரியாமலே போனால் ஊசித்துளை போட்டு மறுபக்கம் வெளியேறும். அப்போதும் மான் நெடுந்தூரம் ஓடும். வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி என எல்லாவற்றையும் உருவிக் கடைசியில் உடும்பில் தைத்ததே, அது முனைவிரிவே இல்லாத ஊடுருவல். ஓரிக்குப் பெருமை, இன்றைய வேட்டைக்காரரோ பின்னால் நிற்கும் இன்னொரு மானை நினைத்து அஞ்சுவார்.

ஒரு வேண்டுகோள். தோட்டாவையும் குண்டையும் கலக்காதீர்கள். குண்டும் வெடிமருந்தும் அவற்றைத் தாங்கும் கூடும் சேர்ந்த முழுப்பொருள் தோட்டா. மானுக்குள் போவது குண்டு மட்டும். இலங்கை நண்பர்கள் 'ரவை', 'சன்னம்' என்பார்கள். அவர்கள் பதிப்புக்கு அடிக்குறிப்பு போடலாம்.

குண்டில் சிதறியதுபோக மிஞ்சும் எடைக்கு 'எஞ்செடை' என்று எழுதியிருக்கிறேன். புணர்ச்சி சரிதானா என்று இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஈயக் குண்டைச் சுற்றியுள்ள செப்புத் தகட்டுக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. 'உறை' என்றால் இடுப்பில் கட்டும் துப்பாக்கி உறை குறுக்கே வருகிறது. 'செப்புப் போர்வை' எப்படி?