பழைய லேசிக் பதிவேடு கிடைக்காமல் கண்புரை அறுவைக்கு நாள் குறிக்கலாமா?

மாலைவெயில்:
எனக்கு வயது 57. 2001-இல் இரு கண்களிலும், லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பார்வையைத் திருத்தும் லேசிக் செய்துகொண்டேன். அதற்கு முன் ஏறக்குறைய மைனஸ் 6 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) கிட்டப்பார்வை இருந்தது. இப்போது இரு கண்களிலும் கண்புரை வளர்ந்து, இரவில் எதிரே வரும் விளக்கு ஒவ்வொன்றும் பஞ்சுப் பொதி போல விரிகிறது. மருத்துவர் அடுத்த மாதமே அறுவை செய்யலாம் என்கிறார். லேசிக்குக்கு முந்தைய கருவிழி அளவுகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னவர், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று முடித்துவிட்டார். அந்தப் "பரவாயில்லை"தான் என்னை உறுத்துகிறது. லேசிக் செய்த இடம் மூடப்பட்டுவிட்டது. கோப்புகள் எங்கே போயின என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே வைக்கும் லென்ஸ் வாழ்நாள் முழுவதற்குமானது என்பதால், அந்தக் கோப்பு கிடைக்கும்வரை அறுவையைத் தள்ளிப்போடுவதே முறை என்று கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்க வேண்டுகிறேன்.

தொடுவானம்:
தள்ளிப்போடுங்கள் அம்மா. என் அனுபவத்தைச் சொல்கிறேன். லேசிக் செய்து 16 ஆண்டுகள் கழித்துக் கண்புரை அறுவைக்குப் போனேன். படிவத்தில் "கண்ணில் முன்பு அறுவை நடந்ததுண்டா" என்ற வினாவுக்கு "இல்லை" என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் முடிந்த லேசிக்கை நான் அறுவையாகவே நினைத்ததில்லை. அங்கிருந்தவர்களும் கருவிழியின் வரைபடம் எடுக்காமல், வழக்கமான அளவை மட்டும் எடுத்து லென்ஸைத் தேர்ந்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்தபோது சுவரின் வெள்ளை கண்ணைப் பறித்தது. ஆனால் அதில் மாட்டியிருந்த கடிகாரத்தின் முட்கள் கரைந்து கிடந்தன, கையிலிருந்த சொட்டு மருந்துப் புட்டியின் பெயரோ ஒரு சாம்பல் கோடாகத்தான் தெரிந்தது. பிளஸ் 1.5 வந்துவிட்டது என்றார்கள். தூரமும் தெளிவில்லை, கிட்டேயும் தெளிவில்லை. முறையாகக் கேட்டு, முறையாக அளந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

அளவுகோல்:
கண்புரை அறுவைக்கு முன் அளவெடுக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தொடுவானம் ஐயாவுக்கு நேர்ந்தது வேதனைக்குரியது. ஆனால் அவருக்கு இல்லாமல் போனது பழைய கோப்பு அல்ல, "லேசிக் செய்தவர்" என்ற ஒற்றைத் தகவல். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்பதற்காகவே விளக்கமாக எழுதுகிறேன்.

கெரட்டோமீட்டர் என்னும் கருவி கருவிழிப்படலத்தின் முன்பக்க வளைவை மட்டும் அளக்கிறது. பின்பக்கம் முன்பக்கத்தோடு எப்போதும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, 1.3375 என்ற நிலையான எண்ணைக் கொண்டு மொத்த பவரைக் கணக்கிடுகிறது. கிட்டப்பார்வைக்கான லேசிக் முன்பக்கத்தை மட்டும் தட்டையாக்குகிறது. பின்பக்கம் பெரிதும் அப்படியே இருக்கிறது. விகிதம் குலைந்துவிடுவதால், 6 டயாப்டர் திருத்தப்பட்ட கண்ணில் கருவி உண்மையைவிட ஏறக்குறைய 1 டயாப்டர் கூடுதலாகக் காட்டலாம். கருவிழியின் பவர் அதிகம் என்று நம்பினால், வைக்கும் லென்ஸின் பவரைக் குறைத்துத்தானே தேர்வோம்?

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. வைக்கவேண்டிய லென்ஸின் பவரைக் கணிக்கும் எஸ்.ஆர்.கே./டி போன்ற மூன்றாம் தலைமுறைச் சூத்திரங்கள், லென்ஸ் கண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் அமரும் என்பதையும் கருவிழியின் வளைவிலிருந்தே ஊகிக்கின்றன. தட்டையான கருவிழியைக் கண்டதும், லென்ஸ் முன்தள்ளி அமரும் என்றும் குறைந்த பவரே போதும் என்றும் கணித்துவிடுகின்றன. லேசிக் கண்ணின் உள் அமைப்பையோ மாற்றவில்லை. இரு பிழைகளும் ஒரே திசையில் சேர்வதால்தான் பிளஸ் பவர் எஞ்சுகிறது. லேசிக்குக்கு முந்தைய வளைவை ஆழத்துக்கும், பிந்தையதைப் பவருக்கும் பயன்படுத்தும் "இரட்டை கே" முறையை 2003-இல் அரம்பெர்ரி என்ற கண் மருத்துவர் வெளியிட்டது இதைச் சரிசெய்யத்தான்.

இனி கோப்பின் கதைக்கு வருகிறேன். பழைய அளவிலிருந்து லேசிக் திருத்திய பவரைக் கழிக்கும் "வரலாற்று முறை" ஒரு காலத்தில் உரைகல்லாகக் கருதப்பட்டது. ஆனால் பழைய தாளில் 1 டயாப்டர் தவறு இருந்தால், அது ஏறக்குறைய அப்படியே விடையிலும் வந்து உட்காரும். மேலும் அந்தக் கழித்தலுக்கு லேசிக்குக்குப் பின் கண் நிலைபெற்றபோது எடுத்த பவர் தேவை. இப்போதைய கண்ணாடிச் சீட்டு அதற்கு உதவாது. கண்புரையே கண்ணை மைனஸ் பக்கம் இழுத்திருக்கும். ஹைகிஸ்-எல், ஷம்மாஸ், பழைய தகவல் இல்லாமலே இயங்கும் பாரெட் ட்ரூ-கே ஆகிய சூத்திரங்கள் இன்றைய அளவுகளைக் கொண்டே கணக்கிடுகின்றன; அவை வரலாற்று முறையைவிட நம்பகமாக இருப்பதால்தான் அந்த முறை இன்று பின்னுக்குப் போய்விட்டது. ஆகவே கோப்புக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதை நான் ஏற்கவில்லை. கண்புரை இறுகிக்கொண்டே போகும். மங்கலான பார்வையோடு படியில் இறங்குவதும் ஆபத்துதான்.

மாலைவெயில்:
விளக்கத்துக்கு நன்றி, ஐயா. ஆனாலும் பழைய தாளை வெறும் எண்ணாக மட்டும் நீங்கள் பார்ப்பதாகத் தோன்றுகிறது. எனக்கு நடந்தது ஒரே லேசிக்கா, பிறகு மறுதிருத்தம் செய்தார்களா, எந்தக் கண்ணில் எவ்வளவு திசு எடுக்கப்பட்டது என்பதெல்லாம் என் நினைவில் துல்லியமாக இல்லை. வலக்கண்ணில் மட்டும் இரண்டாம் முறை ஏதோ செய்த நினைவு இருக்கிறது. இதை எந்தச் சூத்திரம் ஊகித்துச் சொல்லும்? நீங்கள் சொல்லும் பாரெட் ட்ரூ-கே கூட, பழைய பவர் தெரிந்தால் அதை வாங்கிக்கொள்கிறது அல்லவா? வாங்கிக்கொள்வது பயன் இருப்பதால்தானே?

அளவுகோல்:
நியாயமான கேள்வி, ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு பவர் திருத்தப்பட்டது என்பது தெரிந்தால் ட்ரூ-கேயின் கணிப்பு ஓரளவு கூர்மையாகிறது. செய்தது கிட்டப்பார்வைக்கா, தூரப்பார்வைக்கா என்பதும் தெரிந்தே ஆகவேண்டும்; தூரப்பார்வைக்குச் செய்திருந்தால் பிழை நேர்எதிர்த் திசையில் போகும். 1980-களில் பரவலாக இருந்த, ஆரம் போலக் கீறும் ஆர்.கே. அறுவை என்றால் கணக்கே வேறு. அதில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் தட்டையாகின்றன, காலையும் மாலையும் பவரே மாறும். ஆனால் இவற்றில் பெரும்பகுதியைக் கருவிழியின் டோபோகிராஃபி வரைபடமே காட்டிவிடும். தட்டையான வட்டம் நடுவில் இருக்கிறதா, ஒருபக்கம் விலகியிருக்கிறதா, எவ்வளவு அகலம் என்று படத்தில் பார்க்கலாம். வலக்கண்ணில் இரண்டாம் முறை செய்தது உண்மையானால், அதன் விளைவும் இன்றைய கருவிழியில்தான் இருக்கிறது. பின்பக்க வளைவையும் நேரடியாக அளக்கும் கருவிகள் வந்துவிட்டதால், ஊகத்தின் பங்கு மேலும் குறைந்திருக்கிறது.

என் அனுபவத்தில் கோப்பைவிட அதிகமாகக் கணக்கைக் கெடுப்பது உலர்ந்த கண். ஒருவருக்கு ஒரே அமர்வில் கருவிழியின் பவரை மூன்று முறை அளந்தேன்: 38.2, 39.1, 38.6 டயாப்டர். ஒவ்வொரு முறையும் கருவி காட்டிய ஒளி வளையங்களின் விளிம்பு கீழ்ப்பக்கம் சிதைந்திருந்தது. அன்றைக்கு லென்ஸ் தேர்ந்திருந்தால் எந்த எண்ணை நம்பியிருப்போம்? செயற்கைக் கண்ணீரும் இமைகளுக்கு வெந்நீர் ஒத்தடமும் கொடுத்து மூன்று வாரம் கழித்து வரச்சொன்னோம்; அப்போது மூன்று அளவுகளும் 0.2-க்குள் அடங்கின. தள்ளிப்போட வேண்டுமானால் இதற்காகத் தள்ளிப்போடுங்கள், அம்மா.

நடுப்பகல்:
பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். லென்ஸின் வகையைப் பற்றி யாரும் பேசவில்லை. கண்ணாடி வேண்டாம் என்றுதானே நாமெல்லாம் லேசிக் செய்துகொண்டோம்? நான் லேசிக்குக்குப் பிறகு, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் உதவும் மல்டிஃபோகல் லென்ஸ் வைத்துக்கொண்டேன். ஓராண்டாகக் கண்ணாடியின்றிப் படிக்கிறேன், வண்டி ஓட்டுகிறேன். "லேசிக் கண்ணுக்கு மல்டிஃபோகல் கூடாது" என்று ஒரே அடியாக மறுப்பது, நோயாளியின் விருப்பத்தை மதிக்காத பழைய மனப்போக்கு என்பேன்.

தொடுவானம்:
உங்களுக்கு நன்றாக அமைந்ததில் மகிழ்ச்சி. ஆனால் எனக்கு வந்த 1.5 டயாப்டர் பிழை மல்டிஃபோகல் லென்ஸோடு வந்திருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

அளவுகோல்:
தொடுவானம் ஐயா சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். மல்டிஃபோகல் லென்ஸ் வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கிடுகிறது. பார்வையின் கான்ட்ராஸ்ட் குறைவது அதற்கான விலை. கிட்டப்பார்வைக்கு லேசிக் செய்த கருவிழியில், ஓரக் கதிர்களும் மையக் கதிர்களும் ஒரே இடத்தில் குவியாத கோளப்பிறழ்ச்சி ஏற்கெனவே கூடியிருக்கிறது. இரவில் கண்பாவை விரியும்போது அது முழுமையாக வெளிப்படும். இரண்டு இழப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. அதற்கும் மேலாக, மல்டிஃபோகல் லென்ஸ் அரை டயாப்டர் பிழையைக்கூடப் பொறுப்பதில்லை. லேசிக் கண்களிலோ, நல்ல சூத்திரங்களைக் கொண்டும், அரை டயாப்டருக்குள் இலக்கை எட்டுவது ஏறத்தாழ பத்தில் ஆறு அல்லது ஏழு பேருக்குத்தான். துல்லியத்தை மிகவும் கோரும் லென்ஸை, துல்லியம் மிகவும் குறைந்த கண்ணில் வைப்பது சரியான சேர்க்கை அல்ல. இந்தக் கண்களுக்கு, கூடிப்போன கோளப்பிறழ்ச்சியை ஓரளவு ஈடுசெய்யும் ஆஸ்ஃபெரிக் வகை மோனோஃபோகல் (ஒரே தூரத்துக்குக் குவிக்கும்) லென்ஸே பொதுவாகப் பொருந்தும்.

நடுப்பகல்:
வரைபடத்தில் வட்டம் நடுவில் அமைந்து, பிறழ்ச்சிகள் குறைவாக இருந்து, எதிர்பார்ப்பும் அளவாக இருப்பவருக்கும் அதே விதிதானா? என் மருத்துவர் இவற்றையெல்லாம் அளந்த பிறகே ஒப்புக்கொண்டார். எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை; எவருக்கும் பொருந்தாது என்று நீங்கள் சொல்வதைத்தான் மறுக்கிறேன். இன்னொன்று: அறுவைக்குப் பின் புற ஊதா ஒளியால் பவரைத் திருத்தக்கூடிய லென்ஸ் 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அளவுகோல்:
எவருக்கும் பொருந்தாது என்ற தொனி வந்திருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று நிபந்தனைகளும் ஒருசேர அமைந்தால் பேசிப் பார்க்கலாம். ஆனால் அப்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு. மல்டிஃபோகல் வைத்தபின் பார்வை திருப்தியில்லை என்றால், லென்ஸின் பின்னுள்ள பையில் அவசரப்பட்டு யாக் லேசரால் துளையிட விடாதீர்கள். துளையிட்டபின் லென்ஸை மாற்றுவது ஆபத்து மிகுந்த வேலையாகிவிடும். ஒளியால் திருத்தும் லென்ஸ் லேசிக் கண்களுக்கு உண்மையிலேயே நல்ல வழி. சூத்திரத்தின் பிழையை அறுவைக்குப் பிறகு திருத்திக்கொள்ள முடிகிறது. கண்பாவை நன்றாக விரியவேண்டும், திருத்தம் முடிந்து பவரை நிலைப்படுத்தும்வரை புற ஊதாத் தடுப்புக் கண்ணாடியை விடாமல் அணியவேண்டும், பலமுறை வந்துபோகவேண்டும். எல்லா இடங்களிலும் அது கிடைப்பதில்லை என்பதால் அதை மட்டும் நம்பித் திட்டமிட முடியாது.

மாலைவெயில் அம்மா, கோப்பைவிட நீங்கள் மருத்துவரிடம் கேட்கவேண்டியது இலக்கைப் பற்றித்தான், அதாவது அறுவைக்குப் பின் கண்ணில் எவ்வளவு பவர் எஞ்சவேண்டும் என்று திட்டமிடுகிறார் என்பதை. இலக்கைச் சுழியத்தில் வைத்து, முக்கால் டயாப்டர் தவறினால் பிளஸ் 0.75-இல் போய் நிற்கலாம். அங்கே எந்தத் தூரமும் தெளிவாக இராது. இலக்கை மைனஸ் 0.5-இல் வைத்தால், அதே பிழை பிளஸ் 0.25-க்கும் மைனஸ் 1.25-க்கும் இடையில் அடங்கும். மைனஸ் பக்கம் எஞ்சினால் ஒரு கை நீளத்திலோ இரண்டு மீட்டரிலோ ஏதாவது ஒரு தூரம் தெளிவாக இருக்கும். தூரத்துக்கு மெல்லிய கண்ணாடி போதும்.

தொடுவானம்:
இந்தக் கணக்கை அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா! எனக்குப் பிறகு முதல் லென்ஸுக்கு முன்னால் இரண்டாவது லென்ஸ் ஒன்றை வைத்துச் சரிசெய்தார்கள். லேசிக்கின்போது கருவிழியில் வெட்டித் திறந்து மூடிய பழைய மடலைத் தூக்கித் திருத்தலாமா என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகள் கழித்துத் தூக்கினால் அதனடியில் மேல்தோல் செல்கள் புகுந்து வளரக்கூடும் என்று மறுத்துவிட்டார்கள்.

மாலைவெயில்:
என் நிலைப்பாட்டில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். கோப்பைத் தேடுவதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் அதற்காக நாளைத் தள்ளவும் போவதில்லை. கண்ணீர்ப் படலத்துக்கு மருந்து போட்டு, ஒரு வார இடைவெளியில் இருமுறை அளவெடுத்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் நாள் குறிக்கக் கேட்கப்போகிறேன். லேசிக் ஒருமுறை மட்டுமே நடந்த இடக்கண்ணை முதலில் செய்து, அதில் எவ்வளவு பிழை வந்தது என்பதைப் பார்த்தபின்பே வலக்கண்ணுக்கு லென்ஸ் தேரவேண்டும் என்றும் கேட்பேன். ஆனால் மைனஸ் 0.5 இலக்கில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. 25 ஆண்டுகளாகக் கண்ணாடியின்றித் தூரத்தைப் பார்த்துப் பழகிய கண் இது.

அளவுகோல்:
அந்தத் தயக்கத்தை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்புரையின் மங்கல் அவ்வளவு கனமாக இல்லாத கண்ணில், இன்றே சோதனை லென்ஸ் போட்டு மைனஸ் 0.5 எப்படி இருக்கும் என்று ஓரளவு காட்டச் சொல்லலாம். இன்னும் இரண்டைக் கேட்க மறவாதீர்கள். 6 டயாப்டர் கிட்டப்பார்வை இருந்த கண்ணின் விழித்திரை லேசிக்கால் மாறிவிடவில்லை. அதன் ஓரங்களை அறுவைக்கு முன் பார்க்கச் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு சொட்டு போடும் நாட்களில் கண் அழுத்தம் அளக்கும்போது, லேசிக்கால் மெலிந்த கருவிழியில் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

மாலைவெயில்:
குறித்துக்கொண்டேன். அடுத்த வாரம் முதல் அளவு. எண்கள் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்; 0.2-க்குள் அடங்காவிட்டால் மீண்டும் வாதிட வருவேன்.