ஹென்றி கவெல்: 'மெட்ராஸ்' சிம்பொனி எழுதியவர் பதிப்பாசிரியருமா?

மயிலைக்காரன்:
ஹென்றி கவெல் என்ற அமெரிக்கர் நம்ம ஊர் பெயரில் ஒரு சிம்பொனி எழுதியதாகப் படித்தேன். அவரைப் பதிப்பாசிரியர் என்றும் குறிப்பிடுகிறார்கள். இசையமைப்பவருக்கு அச்சு வேலை எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பியானோ வாத்தியார்:
அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அந்த அச்சு வேலைதான் என்பேன். 1927இல் கலிபோர்னியாவில் 'நியூ மியூசிக்' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். கட்டுரை, விமர்சனம் எதுவும் கிடையாது. பெரிய பதிப்பகங்கள் சீண்டாத புது இசையின் நொட்டேஷன் மட்டும்தான். முதல் இதழில் கார்ல் ரகிள்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் படைப்பு. அதைப் பார்த்து மிரண்டு சந்தாவை நிறுத்தியவர்கள் பலர். இதழ் நிற்கவில்லை. இன்னொரு இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ், இன்ஷூரன்ஸ் தொழிலில் சம்பாதித்ததிலிருந்து பணம் கொடுத்துத் தாங்கினார்.

அந்த ஐவ்ஸின் நான்காம் சிம்பொனியில் இரண்டாம் பகுதி 1929இல் இந்த இதழில் வந்தது. சிம்பொனி முழுசாக மேடையேறியது 1965இல். ஐவ்ஸ் இறந்து கிட்டத்தட்ட 11 வருஷம் ஆகியிருந்தது. அத்தனை காலம் அது எங்கேயோ சுருட்டிக் கிடக்காமல் கொஞ்சமாவது கைக்குக் கை போனது என்றால், கவெல்தான் காரணம்.

1934இல் இதே இதழில் எட்கார் வரேஸ் என்ற இசையமைப்பாளரின் 'அயனைசேஷன்' வந்தது. 13 பேர், முழுக்கத் தாளக்கருவிகள், நடுவே சைரன். முடிவில் பியானோவின் கீழ் ஸ்தாயிக் கட்டைகளைக் கொத்தாக அமுக்க வேண்டும். கவெல் சின்ன வயதிலேயே செய்து பார்த்த வித்தை அது. முன்கையைக் கட்டைகள்மேல் அப்படியே படுக்கவைக்கச் சொல்லிக் கொடுப்பேன். பிள்ளைகள் முதலில் பயப்படுவார்கள், அப்புறம் கையை எடுக்கவே மாட்டார்கள்.

வீணைக்காரி:
சென்னைத் தொடர்பு அதற்கும் முந்தியது. 1931 வாக்கில் பெர்லினில் நம்ம இசையறிஞர் பி. சாம்பமூர்த்தியிடம் கர்நாடக சங்கீதம் படித்தவர் கவெல். ஜலதரங்கம், தபேலா சேர்த்து எழுதிய அந்த சிம்பொனி 1959 மார்ச்சில் சென்னையிலேயே அரங்கேறியது.

மயிலைக்காரன்:
நன்றி அம்மா. வாத்தியார் ஐயா, அவர் சிறையில் இருந்தாராமே? அப்போது இதழ்?

பியானோ வாத்தியார்:
ஆமாம். ஒருபாலுறவு வழக்கில் 1936இல் கைதாகி, 1940 வரை சான் குவென்டின் சிறையில் இருந்தார். கொடுமை அது, எனக்கு இன்னும் ஆறவில்லை. உள்ளேயும் கைதிகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். இதழை ஜெரால்ட் ஸ்ட்ராங் என்ற இசையமைப்பாளர் ஏற்று நடத்தினார். 1938இல் கான்லன் நான்கரோ என்ற இளைஞரின் இசை அச்சானது. தொடங்கியவர் சிறையில், எழுதியவர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி பிராங்கோவின் படைக்கு எதிரான சண்டையில். இதழ் மட்டும் சந்தாதாரர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.