ஐந்து பேருக்கு மொரீஷியஸ், ஏழு இரவு: விலைகள் ஏன் ஒத்து வரவில்லை?

சாட்ஸ்வொர்த் அப்பா:

வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நான், மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன், 71 வயது அம்மா என்று ஐந்து பேர். செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் மொரீஷியஸ் போய் ஏழு இரவு தங்க ஆசை. அம்மா இதுவரை கடல் தாண்டிப் போனதே இல்லை. முழங்கால் இன்னும் ஒத்துழைக்கும்போதே கூட்டிப் போய்விட வேண்டும் என்று நினைக்கிறேன். கையில் 95,000 ராண்ட் சேர்த்து வைத்திருக்கிறோம். கடன் வாங்கிப் போகும் எண்ணம் இல்லை.

சிக்கல் இதுதான். ஒரு விளம்பரத்தில் ‘ஒருவருக்கு 19,900 ராண்டிலிருந்து’, எல்லாம் சேர்த்து என்று போட்டிருந்தது. ஐந்தால் பெருக்கினால் 99,500. சரி, கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் முடியும் என்று கேட்டுப் பார்த்தேன். வந்த விலை 1,43,000. இன்னொரு இடத்தில் காலை, இரவு சாப்பாடு மட்டும் சேர்த்து 1,18,000 என்றார்கள். என் மச்சானோ, நாமே டிக்கெட்டும் வீடும் தனித்தனியாகப் போட்டால் 80,000 போதும் என்கிறார். ஒரே தீவு, ஒரே வாரம், விலை மட்டும் மூன்று விதம். எங்கே இடிக்கிறது?

இன்னொன்று. அது புரட்டாசி. அம்மா மாதம் முழுக்க சைவம், நாங்களும் வீட்டில் அப்படித்தான். சைவச் சாப்பாட்டுக்கு அங்கே தனியாகச் செலவு வைக்க வேண்டுமா? விமானத்தில் முக்கால் மணி நேரம்தான் என்கிறார்களே, பக்கத்துத் தீவான ரீயூனியனையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமா?

வெருலம் தம்பி:

அண்ணா, நான் பயணச்சீட்டு போடும் வேலையில் இருந்தவன். அந்த 19,900 பொய் இல்லை, ஆனால் உங்கள் குடும்பத்துக்குப் போட்ட விலையும் இல்லை. விளம்பர விலை பெரும்பாலும் ஒரு அறையில் இரண்டு பெரியவர்கள் தங்கும்போது ஒரு ஆளுக்கு ஆகும் தொகை. அதுவும் கூட்டமில்லாத வாரத்தில், வார நடுவில் கிளம்பும் விமானத்துக்கு. ‘இலிருந்து’ என்ற சொல்லுக்குள் இது அத்தனையும் அடங்கிவிடும்.

உங்கள் வீட்டுக் கணக்கு அப்படி இல்லை. பல ஹோட்டல்களில் 12 வயது வரைதான் பிள்ளை விலை. மகளுக்கு 14, ஆகவே அவள் பெரியவள். அப்படியானால் நான்கு பெரியவர், ஒரு பிள்ளை. இரண்டு அறை எடுத்தே ஆக வேண்டும். குடும்ப அறை என்று ஒன்று இருந்தாலும் இரண்டு பெரியவர், இரண்டு சிறு பிள்ளைகள் என்றுதான் கணக்கு வைத்திருப்பார்கள். அதற்கு மேல் விமான நிலைய வரி, விடுமுறைக் காலக் கூடுதல் விலை, ஹோட்டலுக்குப் போய் வரும் வண்டி. 99,500 எப்படி 1,43,000 ஆனது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அந்த 1,18,000-ஐ நம்பி இறங்காதீர்கள். காலை, இரவு சாப்பாடு மட்டும் தரும் ஹாஃப் போர்டில் மதியச் சாப்பாடு இல்லை, பல இடங்களில் இரவுச் சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடத் தனிப் பில் வரும். கடலோர ஹோட்டலைச் சுற்றிக் கடை இல்லாவிட்டால் ஐந்து பேரின் மதியச் சாப்பாடும் குடிப்பதும் அங்கேதான். ஏழு நாளில் அது ஆல் இன்க்ளூசிவ், அதாவது எல்லாம் சேர்த்த விலையை எட்டிப் பிடித்துவிடும்.

விலை கேட்கும்போது ஐந்து பேரின் வயதையும் எழுதிக் கொடுத்து, வரியும் வண்டியும் சேர்த்து மொத்தத் தொகை என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு ஆள் விலை கேட்கவே கேட்காதீர்கள்.

ரோஸ் ஹில் அக்கா:

வணக்கம் தம்பி. நான் மொரீஷியஸிலேயே பிறந்து வளர்ந்தவள். உங்கள் மச்சான் சொன்னதில் நியாயம் இருக்கிறது, தொகையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். 95,000-இல் நன்றாகவே வந்து போகலாம். ஆனால் ஹோட்டலை எண்ணி வராமல் வீடு எடுத்துத் தங்கும் எண்ணத்தோடு வாருங்கள்.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், செலவு அதைப் பொறுத்துத்தான் ஏறும், இறங்கும். விமான நிலையம் தென்கிழக்கில் இருக்கிறது. செப்டம்பரில் தென்கிழக்குக் காற்று இன்னும் அடங்கியிருக்காது, கிழக்கிலும் தெற்கிலும் கடற்கரையில் உட்கார்ந்தால் அம்மாவுக்குக் குளிரும். மேற்கில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், வடக்கில் பெரேபேர், இந்த இரண்டில் ஒன்றைப் பாருங்கள். இரண்டிலும் பொதுக் கடற்கரை உண்டு, கடைகள் நடக்கும் தூரத்தில், கடலும் சாந்தமாக இருக்கும். இங்கே கடற்கரை எல்லாருக்கும் பொது. பெரிய ஹோட்டல் முன்னால் இருக்கும் மணலிலும் நீங்கள் நடக்கலாம், குளிக்கலாம். அந்த மணலுக்காக ஹோட்டலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஒரு ராண்டுக்கு எங்கள் ரூபாய் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும். 2.50 என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள், கூடக் கிடைத்தால் கையில் நிற்கும். சமையலறையோடு இரண்டு படுக்கையறை வீடு, கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓர் இரவுக்கு 4,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும். தரைத்தளம் கேளுங்கள். படத்தில் அழகாக இருக்கும் பல வீடுகள் மாடியில்தான், லிஃப்டும் இருக்காது.

புரட்டாசியைப் பற்றிக் கவலையே வேண்டாம். எங்களுக்கும் அது கோவிந்தன் விரத மாதம், சனிக்கிழமைகளில் கோவிலில் கூட்டம் நிற்கும். தெருவோர டோல் பூரி முழுச் சைவம், பருப்பை உள்ளே வைத்து, மொச்சைக் குழம்பும் சட்னியும் தடவிச் சுருட்டிக் கொடுப்பார்கள். ஐந்து பேரும் வயிறார 300 ரூபாய்க்குள் சாப்பிட்டுவிடலாம், உங்கள் பணத்தில் 120 ராண்ட். கத்தோ பிமா என்பது நம் பருப்பு வடைதான், காலையில் ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். காய்கறிக்குச் சந்தைக்குப் போங்கள், மாயேபூரில் திங்கட்கிழமை, கிழக்கே இருக்கும் ஃப்ளாக் ஊரில் ஞாயிற்றுக்கிழமை. முருங்கை, புடலை, பாகல் எல்லாம் கிடைக்கும். அம்மா கறிவேப்பிலையைப் பையில் சுருட்டி வைத்தால் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், செடி, இலை, பழம், இறைச்சிக்கெல்லாம் முன் அனுமதி இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பிடித்து வைப்பார்கள். இங்கே சந்தையில் கட்டுக் கட்டாக இருக்கிறது. பாலாடைக்கட்டி, ஆப்பிள், பாக்கெட் தின்பண்டம் மாதிரி கப்பலில் வருவதுதான் விலை கூட. வீட்டில் சமைத்து, பகலில் தெருவில் சாப்பிட்டால் நாளைக்கு 2,200 ரூபாய் ஐந்து பேருக்குத் தாராளம்.

ஒரு புதுச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் சுற்றுலாக் கட்டணம் வந்திருக்கிறது. 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 3 யூரோ. வாடகை வீட்டுக்காரரும் வசூலிப்பார். பழைய கணக்குகளில் இது இருக்காது.

சாட்ஸ்வொர்த் அப்பா:

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. மகளைப் பெரியவள் கணக்கில் சேர்ப்பார்கள் என்று ஒரு இடத்திலும் எங்களுக்கு விளக்கவில்லை. கட்டணம் நான்கு பேருக்கு ஏழு இரவு, 84 யூரோ. யூரோ 20 ராண்ட் என்று வைத்தால் 1,700 ராண்ட் வாக்கில்.

வண்டிக்கு என்ன செய்வது? ஏழு நாளும் கார் எடுக்க வேண்டுமா, பஸ்ஸில் போகலாமா?

ரோஸ் ஹில் அக்கா:

பஸ் மலிவு, எல்லா ஊருக்கும் போகும், ஆனால் படிகள் உயரம். மெட்ரோ வசதியானது, அது போர்ட் லூயிஸ் முதல் க்யூர்பீப் வரை உள்நாட்டு ஊர்கள் வழியாகத்தான் ஓடுகிறது, கடற்கரைப் பக்கம் வராது. முழங்கால் வலியோடு அம்மாவை அலைய விடாதீர்கள்.

ஏழு நாளும் கார் நிறுத்தி வைக்கவும் வேண்டாம். வந்து இறங்கும்போதும் திரும்பும்போதும் ஒரு வேன் பேசுங்கள், வடக்குப் பக்கம் என்றால் ஒரு தடவைக்கு 3,000 ரூபாய் வரை கேட்பார்கள், மேற்கு கொஞ்சம் குறையும். நடுவில் நான்கு நாள் மட்டும் ஏழு இருக்கை வண்டி எடுங்கள், நாளுக்கு 2,000 முதல் 2,500. உங்கள் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், உங்கள் உரிமமும் செல்லும். பெட்ரோல் லிட்டர் 60 ரூபாய் வாக்கில், தீவு சின்னது, அதில் பெரிய செலவு வராது.

அந்த நான்கு நாளில் காசில்லாமல் பார்க்க நிறைய இருக்கிறது. போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட், 2006 முதல் உலகப் பாரம்பரிய இடம், நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய துறைமுகப் படிகள் அங்கேதான். டர்பனுக்கும் 1860-இல் இப்படித்தானே வந்தார்கள், பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். பக்கத்திலேயே செயின்ட் குரோவாவில் மீனாட்சி அம்மன் கோவில், கைலாசம் கோவில் என்றால் எல்லாரும் வழி சொல்வார்கள். கிராண்ட் பாசான் ஏரியும் கட்டணமில்லை. சமரேல் ஏழு வண்ண மண்ணுக்கும் பாம்பிள்மூஸ் தோட்டத்துக்கும் டிக்கெட் உண்டு. படகில் ஒரு நாள் போவது ஆளுக்கு 1,500 முதல் 2,000 ரூபாய். அதில் கறி சுட்டுப் போடுவார்கள், முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று சொல்லிவிடுங்கள்.

அம்மாவிடம் 100 ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழர். தொகையும் தமிழில் எழுதியிருக்கும்.

லெனேசியா மாமா:

நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணம் கொடுக்கும் முறையிலேயே சில ஆயிரம் ராண்ட் கரையும், அதைப் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் நம் கார்டைத் தேய்த்தால் வங்கி 2 முதல் 3 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். கடையில் மிஷின் ‘ராண்டிலா ரூபாயிலா’ என்று கேட்டால் ரூபாய் என்றே அழுத்துங்கள். ராண்ட் என்றால் மாற்று விலையை அவர்கள் வைப்பார்கள், அது நமக்கு நல்லதாக இருக்காது. கார் எடுப்பவர் கிரெடிட் கார்டில் வைப்புத் தொகை ஒன்றை நிறுத்தி வைப்பார். வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அது விடுபடச் சில நாள் ஆகும். ஆகவே அந்த அளவு இடம் கார்டில் காலியாக இருக்க வேண்டும், செலவுப் பணத்தோடு கலக்காதீர்கள். டெபிட் கார்டு மட்டும் வைத்திருந்தால் பல இடங்களில் வண்டியே தர மாட்டார்கள்.

அம்மாவுக்குக் காப்பீடு தனியாக எடுங்கள், தம்பி. டிக்கெட்டை கார்டில் வாங்கினால் கிடைக்கும் இலவசக் காப்பீட்டில் பெரும்பாலும் வயது வரம்பு இருக்கும், ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்க்க மாட்டார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மருந்துச் சீட்டை மருந்தோடு கைப்பையில் வையுங்கள்.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 16 வயதுக்குக் கீழே ஐந்து வருடம்தான் செல்லும், புதுப்பிக்க ஆளுக்கு 600 ராண்ட். நம் பாஸ்போர்ட்டுக்கு மொரீஷியஸ் விசா வேண்டாம், கிளம்பும் முன் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் எதிலும் நுழையாதீர்கள்.

சேன்-ஆந்த்ரே தமிழ்:

ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன், அண்ணா. நீங்கள் வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள்.

விமானம் முக்கால் மணி நேரம், உண்மை. அதற்கு ஐந்து டிக்கெட், மறுபடி விமான நிலையக் காத்திருப்பு, மறுபடி ஒரு கார். இங்கே எல்லாம் யூரோ. கப்பலில் வரும் பொருளுக்கு உள்ளூர் வரியும் சேரும், சாதாரண மதியச் சாப்பாடே ஐந்து பேருக்கு 70 யூரோவைத் தாண்டும். இங்கே பார்க்க வேண்டியது மலைதான், ஃபுர்னேஸ் எரிமலையும் மாஃபாத் பள்ளத்தாக்கும். மாஃபாத்துக்கு சாலையே கிடையாது, நடக்க வேண்டும் அல்லது ஹெலிகாப்டர். கடலில் குளிக்கவும் பவளப்பாறைக்கு உட்பட்ட இடங்களிலும் காவலர் இருக்கும் இடங்களிலும்தான் அனுமதி, வெளியே சுறா பயம் உண்டு. அம்மாவோடு வருபவருக்கு இது வேறொரு பயணம். பிள்ளைகள் வளர்ந்து மலை ஏறும் வயதில் தனியாக வாருங்கள், கோவில் திருவிழா பார்த்துப் போகலாம்.

சாட்ஸ்வொர்த் அப்பா:

ரீயூனியனை விட்டுவிட்டோம். நேற்று இரவு மனைவியும் நானும் உட்கார்ந்து புதிதாகப் போட்டுப் பார்த்தோம். தவறிருந்தால் சொல்லுங்கள்.

டிக்கெட் ஐந்தும் ஜோகன்னஸ்பர்க் வழியாக, பெட்டிகளோடு சேர்த்து, 46,500 ராண்ட். வீடு 4,500 ரூபாய் வீதம் ஏழு இரவு, 12,600 ராண்ட். வேன், நான்கு நாள் வண்டி, பெட்ரோல் எல்லாம் 7,000. சாப்பாடு, இரண்டு வேளை உணவகம் உட்பட, 8,600. படகும் டிக்கெட்டுகளும் 5,000. சுற்றுலாக் கட்டணம் 1,700. காப்பீடு 2,500. பிள்ளைகள் பாஸ்போர்ட் 1,200. மொத்தம் 85,100. கையில் 9,900 மிச்சம். அதைத் தொடாமல் வைக்கிறோம்.

வெருலம் தம்பி:

நன்றாக வந்திருக்கிறது, அண்ணா. டிக்கெட்டை முதலில் பூட்டிவிடுங்கள், மொத்தத்தில் பாதிக்கு மேல் அதுதான், விடுமுறை நெருங்க நெருங்க ஏறுவதும் அதுதான். இரண்டு விமானமும் ஒரே பதிவில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால், டர்பன் விமானம் தாமதமாகி மொரீஷியஸ் விமானம் போய்விட்டால் ஐந்து டிக்கெட்டும் உங்கள் தலையில் விழும். வீட்டை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பிடியுங்கள், முழுப் பணமும் இப்போதே கட்ட வேண்டாம்.

ரோஸ் ஹில் அக்கா:

சாப்பாட்டுக் கணக்கு சரி, உணவகத்துக்குப் போட்டதும் போதும். என்ன கிழமை வந்து இறங்குகிறீர்கள்?

சாட்ஸ்வொர்த் அப்பா:

சனிக்கிழமை மத்தியானம், அக்கா.

ரோஸ் ஹில் அக்கா:

அப்படியானால் வேன்காரரிடம் வழியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மத்தியானத்தோடு மூடிவிடும். அரிசி, பருப்பு, எண்ணெய், பால் மட்டும் அன்றைக்கு வாங்கினால் போதும், காய்கறி ஞாயிறு காலையில் பார்த்துக்கொள்ளலாம்.