எறும்பு மூளையில் ஒரு மணத்துக்கு ஒரு பொத்தானா?

நாயுருவி:
எறும்பு "யோசித்து" மோப்பம் பிடிப்பதாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. உணர்கொம்பு பிடித்த வாசனை மூளையின் உணர்கொம்பு மடலுக்குப் போகிறது, அங்கே குளோமெருலஸ் என்று குட்டிக் குட்டி நரம்பு உருண்டைகள், ஒரே வகை ஏற்பி (வாசனையைப் பிடிக்கும் புரதம்) உள்ள நரம்பணுக்கள் ஒரே உருண்டையில் வந்து முடியும். பழ ஈக்கு சுமார் 50, தேனீக்கு 160 சொச்சம், குளோனல் ரெய்டர் என்ற எறும்பு இனத்துக்கோ சுமார் 500. எதற்கு இத்தனை? சேதிக்கு ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

இரவாடி:
கணக்கு சரி, முடிவு தப்பு. கார்ப்பென்டர் என்ற இன்னொரு வகை எறும்புகளின் மடலில், நரம்பு வேலை செய்யும்போது ஒளிரும் கால்சியம் சாயம் ஏற்றிப் பார்த்தார்களே, ஒரு வாசனைக்குப் பல உருண்டைகள் சேர்ந்து ஒளிர்ந்தன. எழுத்துகள் சேர்ந்து சொல்லாவது மாதிரி.

நாயுருவி:
அந்த முறையில் மடலின் ஒரு பகுதிதான் கண்ணில் படும். 2023இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரெய்டர் எறும்புக்கு ஒளிரும் புரத மரபணுவைப் புகுத்தி மடல் முழுவதையும் பார்த்தார்கள். அபாய பெரோமோனுக்கு, அதாவது ஆபத்தைச் சொல்ல எறும்பு விடும் வாசனைப் பொருளுக்கு, அதிகபட்சம் 6 உருண்டைகள்! அதுவும் எறும்புக்கு எறும்பு அதே இடத்தில்.

இரவாடி:
அபாய மணி அப்படித்தான் இருக்கும், அதில் தாமதித்தால் செத்தது. கூட்டாளியை அடையாளம் காண்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இனத்தில் எல்லாப் புற்று எறும்புகளின் உடம்பிலும் பெரும்பாலும் அதே ஹைட்ரோகார்பன் மெழுகுகள்தான், கலந்திருக்கும் அளவுதான் வேறு, அந்தக் கலவையும் நாளாக நாளாக மாறுகிறது. இதற்கு எந்தப் பொத்தான்?

மண்புழு:
குறுக்கே வருகிறேன். 2017இல் ரெய்டர் எறும்பில், வாசனை ஏற்பிகள் வேலை செய்யத் தேவையான ஓர்கோ மரபணுவை முடக்கினார்களே? அந்த எறும்புகளுக்கு உருண்டைகள் 500இலிருந்து நூறுக்கும் கீழே இறங்கின, பெரோமோன் தடத்தையும் பின்பற்ற முடியவில்லை. ஈயில் அதே மரபணுவை முடக்கினால் உருண்டைகள் உருவாகத்தான் செய்கின்றன.

இரவாடி:
பாருங்கள், உங்கள் பொத்தான் பலகையே ஏற்பிகளை நம்பித்தான் உருவாகிறது.

நாயுருவி:
உருவான பிறகு பலகை பலகைதானே! சரி, புற்று வாசனை விஷயத்தில் ஒரு படி இறங்கி வருகிறேன், மடலிலிருந்து காளான் உடல் என்ற மூளைப் பகுதிக்குப் போகும் நரம்புச் சேதிகள் அங்கே நினைவாக மாறுகின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆண் எறும்புக்கு உருண்டைகள் குறைவு, புற்றில் அதற்கு வேலையும் குறைவு. வேலைக்கேற்ற பொத்தான்கள் இல்லாமல் வேறென்ன?

இரவாடி:
எழுத்து குறைந்தாலும் சொல் குறையுமே ஐயா. அது எனக்கும்தான் சாட்சி.