புல்குர் சாலட், மேலே கரியில் சுட்ட ஸ்டீக்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொலோன்வாசி:
கோடை வந்தால் இங்கே ஜெர்மனியில் பூங்கா முழுக்கக் கரிப்புகைதான், நாங்களும் கிரில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். சாலட்டை மட்டும் வீட்டிலேயே முடித்துக் கொண்டுபோவேன். புல்குர் ஒரு வகை உடைத்த கோதுமை, துருக்கிக் கடையில் கிடைக்கும். பொடியாக இருப்பது கொஃப்தெலிக், பருவெட்டாக இருப்பது பிலாவ்லிக். ஸ்டீக்கோடு சாப்பிட எனக்குப் பருவெட்டுதான் பிடிக்கும். ஒரு கப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கப் தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். சூடு ஆறுவதற்குள் எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் விட்டுக் கிளற வேண்டும், ஆறிய பிறகு விட்டால் புளிப்பு உள்ளே இறங்காது. வெள்ளரி, தக்காளி, புதினா, கை நிறைய பார்ஸ்லி, மேலே சுமாக் என்ற புளிப்பான சிவப்புப் பொடி. ஃபெட்டா சீஸ் கடைசியில்தான்.

சம்பா ரவையில் செய்யலாமா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். புல்குர் கோதுமையை வேகவைத்துக் காயவைத்து உடைப்பது, புழுங்கல் அரிசி மாதிரி, அதனால்தான் உதிரியாக நிற்கிறது. சம்பா ரவை வேகாத கோதுமையை உடைத்தது. நல்ல உப்புமா வரும், சாலட் வராது.

இனி ஸ்டீக், அதாவது கனமான மாட்டுக்கறித் துண்டு. மூன்று சென்டிமீட்டர் கனமாவது வேண்டும். உப்பைக் குறைந்தது நாற்பது நிமிடம் முன்னால் போடுங்கள், இல்லையென்றால் அடுப்பில் வைக்கும் நேரத்தில் போடுங்கள். நடுவில் போட்டால் மேலே நீர் கோத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் கறி சிவக்காமல் வேக ஆரம்பித்துவிடும். நடுப்பகுதி 52 டிகிரி செல்சியஸ் காட்டும்போது எடுத்துவிடுவேன், தட்டில் இருக்கும்போதே இன்னும் மூன்று நான்கு டிகிரி ஏறும். அந்தத் தட்டில் ஏழெட்டு நிமிடத்தில் ஒரு சிவப்புச் சாறு தேங்கும் பாருங்கள், அதைப் பலர் கழுவி ஊற்றிவிடுகிறார்கள்! இந்தச் சாப்பாட்டின் சாரமே அதுதான். அதற்காகவே சாலட்டில் எண்ணெயையும் எலுமிச்சையையும் கொஞ்சம் குறைவாக விட்டு வைப்பேன், கறியை நாருக்குக் குறுக்கே நறுக்கி அடுக்கியபின் சாற்றை அப்படியே தானியத்தின் மேல் கவிழ்த்துவிடுவேன்.

ஃபுளோரன்ஸ் பக்கம்:
இங்கே இத்தாலியின் டஸ்கனியில் புல்குருக்குப் பதில் ஃபாரோ என்ற பழைய கோதுமை வகை, இங்குள்ள கார்ஃபன்யானா பகுதியில் விளைவதற்குத் தனி மதிப்பு. மேல்தோல் தீட்டியது என்றால் பாஸ்தாவைப் போல நிறையத் தண்ணீரில் இருபது இருபத்தைந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் போதும். பல்லில் கடிபடும், எனக்குப் புல்குரைவிட இதுதான் இஷ்டம். ஆனால் ஒன்று, ஃபாரோ சாலட்டின் மேல் ஸ்டீக்கை அடுக்கியதைப் பார்த்த எங்கள் வீட்டுக்கார அம்மா முகத்தைச் சுளித்தார். அவருக்கு அது தனி, இது தனி. கறியை நறுக்கி ருக்கோலா இலை மேல் பரப்பி பார்மசான் சீஸைச் சீவிப் போட்டால் அது தல்யாத்தா, அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார். நான்கு விரல் கனத்தில் எலும்போடு வரும் பிஸ்தெக்கா என்ற இந்த ஊர் ஸ்டீக்கை முழுக்க வேகவைத்துக் கேட்டால் மட்டும் வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்வார்.

ஃபாரோ புல்குர் அளவுக்குச் சாற்றை இழுக்காது. தானியம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றுங்கள்.

மாடு சாப்பிடாதவன்:
நான் கறியே தொடுவதில்லை, ஹலூமிதான். சைப்ரஸ் சீஸ், கரி மேல் வைத்தாலும் உருகாது, கோடு கோடாகச் சிவந்து வரும். ஆனால் கொலோன்வாசி சொல்லும் சாறு இதில் வராதே என்று பழுத்த தக்காளியைத் துருவி, உப்புப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து அந்த நீரை ஊற்றுகிறேன். நன்றாகவே இருக்கிறது. ஹலூமியே உப்பு என்பதால் புல்குரை உப்பில்லாமல் வேகவைக்கலாம். பொடி புல்குர்தான் வீட்டில் இருக்கிறது, அதில் செய்யலாமா?

கொலோன்வாசி:
செய்யலாம், ஆனால் வேகவைக்காதீர்கள், குழைந்துவிடும். தக்காளி நீரையே கொஞ்சம் சூடாக்கி ஊற்றி மூடி வையுங்கள், அதிலேயே ஊறிவிடும். போதவில்லை என்றால் மட்டும் வெந்நீர் தெளியுங்கள்.