500 சதவீதம் டிவிடெண்டுன்னு கேட்டு முழிச்சவங்க இருக்கீங்களா?

பனியன்கம்பெனி கணக்கு, திருப்பூர்

போன மாசம் நடந்ததுங்க, இன்னும் அரிச்சிட்டே இருக்குது. என்ற மாமனாரு காலங்காத்தால பேப்பரும் கையுமா சமையக்கட்டு நெலவுகிட்ட வந்து நின்னாரு.

"அம்மிணி, கம்பெனி லாபத்துல நம்ம ஷேருக்கு 500 சதவீதம் டிவிடெண்டு தர்றானாம். 100 ஷேரு இருக்குது, ஒன்னு 1,800 ரூவா. அப்ப 9 லட்சம் வருமில்ல?"

அடுப்புல தோசை கெடக்குது. முகமதிப்பு, அதாவது ஷேருல எழுதியிருக்கற வெல, 1 ரூவாதானுங்க மாமா, 500 சதவீதம்னா ஷேருக்கு 5 ரூவா, மொத்தமா 500 ரூவாதான் வரும்னு சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம். 1,800-க்கு 5 ரூவான்னா யீல்டு, அதாவது ஷேரு வெலைக்கு வர்ற டிவிடெண்டு, 0.28 சதவீதந்தானுங்கன்னு அதையும் சேத்து சொல்லித் தொலச்சேன்.

அவரு கொஞ்ச நேரம் பேசல. "போர் போடறதுக்குத் திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிக்காரரத் திங்கக்கெழம வரச் சொல்லிட்டனே" அப்படின்னாரு. பேப்பர நாலா மடிச்சு இடுப்புல சொருகிட்டு, "அப்பறம் எதுக்கம்மிணி 500-ன்னு போடறான்?"

பதினோரு வருசமா கணக்கு எழுதறேன். பதில் வல்லீங்க.

பெருந்துறை பஸ்

அக்கா, எனக்கு இது பரீட்சையில. வரிக்கு அப்பறம் லாபம் 24 லட்சம், 2 லட்சம் ஈக்விட்டி ஷேரு. ஒரு ஷேருக்கு லாபம், அதான் இபிஎஸ், 12 ரூபான்னு போட்டுட்டு, அதை வெச்சே பிஇ (விலை இபிஎஸ்ஸுக்கு எத்தனை மடங்கு), கவர் (இபிஎஸ் டிவிடெண்டுக்கு எத்தனை மடங்கு), பேஅவுட் (இபிஎஸ்ல எத்தனை சதவீதம் டிவிடெண்டு)னு வரிசையா போட்டுட்டு வந்துட்டேன். கோயமுத்தூர்ல இருந்து வர்றப்போ பெருந்துறை ஸ்டாண்டுல பஸ் நின்னுச்சு. உப்பு மொளகாப்பொடி போட்ட கொய்யாக்கா வாங்கி ஒரு கடி கடிச்சிருப்பேன். பக்கத்துல இருந்தவ சாதாரணமா கேக்கறா, "பிரிஃபரன்ஸ் டிவிடெண்டு கழிச்சல்ல?"

சாதாரண (ஈக்விட்டி) ஷேருக்கு முன்னாடி பிரிஃபரன்ஸ் ஷேருக்காரங்களுக்குக் குடுக்க வேண்டியது அது, 50 லட்சத்துக்கு 8 சதவீதம், 4 லட்சம். கழிச்சா மிச்சம் 20 லட்சம், இபிஎஸ் 10 ரூபா. விலை 150, அப்ப பிஇ 15. நான் எழுதினது 12.5. டிவிடெண்டு 4 ரூபாய்க்குக் கவர் 2.5 தடவை, நான் எழுதினது 3. ஒரு வரி விட்டதுக்கு எல்லாம் போச்சு. கொய்யாக்கா தொண்டைக்குள்ள எறங்கல. ஈரோடு வர்ற வரைக்கும் கையிலயே வெச்சிருந்தேன்.

கொடுமுடி ஓய்வு

முதலில் எழுதிய அம்மணிக்கு. உங்கள் மாமனாரை யாரும் ஏமாற்றவில்லை. முகமதிப்பின் மேல் சதவீதம் சொல்வது பழைய வழக்கம். 10 ரூபாய், 100 ரூபாய் என இரண்டே முகமதிப்புகள் இருந்த காலத்தில் 20 சதவீதம் என்றால் யாரும் குழம்பவில்லை. 1999-இல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது. அதன் பின்புதான் 5, 2, 1 என்றெல்லாம் பங்குகள் உடைந்தன. நம்ம பக்கத்துக் கரூர் வைசியா வங்கிப் பங்கே 2016-இல் 10-லிருந்து 2 ஆயிற்று. எம்ஆர்எஃப் 2023-24-க்கு ஒரு பங்குக்கு மொத்தம் 200 ரூபாய் கொடுத்தது. முகமதிப்பு 10, ஆகவே 2,000 சதவீதம். பங்கின் விலையோ ஒரு லட்சத்துக்கு மேல். யீல்டு கால் சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பேப்பர்காரன் ரூபாயில் போட்டால் தீர்ந்தது, ஆனால் 2,000 என்று போட்டால்தானே கண்ணில் படும்.

என் அனுபவம் சின்னது. அப்பாரு காலமான பின் தகரப்பெட்டியைத் திறந்தோம். பழைய பஞ்சாங்கத்துக்குள் பக்கம் தெரிவதற்கு அடையாளமாக டிவிடெண்டு வாரண்டுகளை, அதாவது வங்கியில் போட்டுக் காசாக்கும் சீட்டுகளைச் செருகி வைத்திருந்தார். ஒன்றுகூட மாற்றவில்லை.

எனவே சொல்கிறேன், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்டை வாங்காமல் விட்டால் அந்தப் பணத்தோடு பங்கும் சேர்ந்து முதலீட்டாளர் கல்வி பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம், ஆனால் காகிதத்துக்கு அலைய வேண்டும். வங்கிக் கணக்கு, வாரிசு நியமனம் இரண்டையும் இன்றே சரிபாருங்கள். 2020 மார்ச் வரை கம்பெனியே வரி கட்டிவிட்டு மீதியைக் கொடுத்தது. அந்த ஏப்ரலிலிருந்து டிவிடெண்டு நம் வருமானத்தில் சேர்கிறது. ஒரு கம்பெனியிடமிருந்து வருடத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தார்கள், 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10,000 ஆயிற்று. பான் எண் கொடுக்காவிட்டால் 20 பிடிப்பார்கள். பிடித்தம் போக வந்த தொகையை வைத்து யீல்டு போடாதீர்கள், என் மைத்துனர் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார். பெருந்துறை பஸ் தம்பியோ தங்கச்சியோ, விடைத்தாளில் முதல் வரியாக "பிரிஃபரன்ஸ் கழி" என்று பென்சிலில் எழுதிப் பழகுங்கள்.

மஞ்சக்காடு, கோபி

கொடுமுடி அண்ணா, அவங்க மாமனாரு கேட்டது சட்டமுங்களா? ரிக்கு வண்டிய வரச் சொன்னவருகிட்ட போயி 1999 சுற்றறிக்கையப் படிக்கறதா?

நம்ம கதை வேற. 220 ரூவா ஷேரு, போன வருச டிவிடெண்டு 22. யீல்டு 10 சதவீதம்! பேங்குல போட்ட டெபாசிட்ட ஒடச்சு வாங்குனேன். இபிஎஸ் 8 ரூவாதான். 8 ரூவா சம்பாதிச்சு 22 குடுக்கறான்னா பேஅவுட் 275 சதவீதம். அதையும் பாத்தேன். "எப்பேர்ப்பட்ட தாராள மனசு"ன்னு நெனச்சேன்.

அடுத்த வருசம் 1 ரூவா அறிவிச்சான். அன்னைக்கு ஊட்டுல மஞ்சள் பொறுக்கிட்டு இருந்தாங்க. என்ன ஏதுன்னு கேட்டா என்ற சம்சாரம். முந்தின வருசம் கம்பெனி ஒரு எடத்த வித்துச்சு, அந்தக் காசைத்தான் பிரிச்சுக் குடுத்திருக்கறான்னு சொன்னேன். அவ நிமிந்துகூடப் பாக்கல. "தோட்டத்த வித்து ஒருக்கா சீரு செஞ்சா, வருசா வருசம் அதே சீரு வரும்னு இருந்தீங்களாக்கும்."

பொறுக்கிட்டு இருந்த ஆளுங்க நாலு பேரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புத்தானுங்க எனக்கு இன்னும் போகல, நட்டம் போயிருச்சு.

பெருந்துறை பஸ்

தங்கச்சிதான் அண்ணா. ஒரு சந்தேகம், கம்பெனி பிரிஃபரன்ஸ் டிவிடெண்டே அறிவிக்கலைன்னா அப்பவும் கழிக்கணுமா?

கொடுமுடி ஓய்வு

குமுலேடிவ், அதாவது கொடுக்காத வருடத்தின் பாக்கி சேர்ந்துகொண்டே போகும் வகை என்றால், அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் அந்த ஒரு வருடத்துக்கானதைக் கழிக்க வேண்டும். இல்லையென்றால் அறிவித்தால் மட்டும். பழைய வருடங்களின் பாக்கியை இந்த வருட இபிஎஸ்ஸில் ஏற்றக் கூடாது, அது அந்தந்த வருடத்திலேயே கழிந்துவிட்டது. கோபிக்காரருக்கு: சுற்றறிக்கையைப் படிக்கச் சொல்லவில்லை. 275 சதவீதத்தைப் பார்த்துவிட்டு டெபாசிட்டை உடைத்தவர் எனக்குச் சொல்ல வேண்டாம்.

மஞ்சக்காடு, கோபி

செரிங்க. அது நாயம்.

பனியன்கம்பெனி கணக்கு, திருப்பூர்

எல்லாருக்கும் நன்றிங்க. ரிக்கு வண்டி வந்துருச்சு, சீட்டு எடுத்துக் காசு குடுத்தோம். 820 அடியில தண்ணி. டிவிடெண்டு 500 ரூவா நேத்துத்தான் கணக்குல ஏறுச்சு. மாமனாரு மெசேஜக் காட்டி, "வந்த ஆளுகளுக்கு டீ வாங்குன செலவு 640 ஆச்சு அம்மிணி, அதுக்கு இது எத்தன தடவ கவரு?"ன்னு கேட்டாரு. பொறவு போட்டுப் பாத்தேன், 0.78 வருது. அவருகிட்ட இன்னும் சொல்லலீங்க.