மோதிரத்தைச் சிறிதாக்கக் கொடுத்த அனுபவம் – எழுதுங்கள்

பதிவு 1

அம்மாவின் மோதிரம் எனக்கு வந்தது. என் விரலில் லொடலொடவென்று ஆடியதால் அளவு குறைக்கக் கொடுத்தேன். அடிப்பக்கம் ஒரு துண்டு வெட்டி எடுத்து, இரு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பற்றவைத்த இடம் விரலால் தடவினாலும் தெரியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

ஆனால் உள்பக்கம் அப்பாவின் பெயர் பொறித்திருந்தது. வெட்டு அதன் குறுக்கே போயிருக்கிறது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் இருந்தவை இல்லை. மெருகு போட்டதில் மிஞ்சிய இரண்டும் மங்கிவிட்டன. கேட்டதற்கு, "எப்போதும் அடியில்தான் வெட்டுவோம்" என்றார்கள். வெட்டுவதற்கு முன் ஒருமுறை உள்ளே திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பதிவு 2

படிக்கவே மனம் கனத்தது சகோதரி. ஆனால் வெட்டச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு விரல் மூட்டு தடித்தது, அடிவிரல் மெலிந்தது. மூட்டைத் தாண்டும் அளவில் மோதிரம் போட்டால், உள்ளே போனதும் சுழலும். கல்லின் கனம் அதை உள்ளங்கைப் பக்கம் இழுத்துவிடும். ஒருநாள் குழந்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். கல் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கோடு, அதன் முனையில் பொட்டாக ரத்தம். குழந்தை அழக்கூட இல்லை, என்னையே பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

பத்தர் ஒருவர் வெட்டாமலே சரிசெய்தார். வளையத்தின் உள்ளே, அடிப்பக்கம், சற்று இடைவெளி விட்டு இரண்டு சிறு பொன் குண்டுகளைப் பற்றவைத்தார். மூட்டைத் தாண்டும்போது சதை விலகிக் கொடுக்கிறது, தாண்டியபின் குண்டுகள் பிடித்துக்கொள்கின்றன. இப்போது கல் திரும்புவதே இல்லை.

பதிவு 3

மேலே எழுதியவர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. குண்டு வைப்பது மோதிரம் சற்றே தளர்வாக இருந்தால்தான் உதவும். நன்றாகவே பெரிதாக இருக்கும் மோதிரத்தில் குண்டு வைத்தால் விரலில் அழுந்தித் தடம் விழும், மோதிரமும் ஆடும். முதல் பதிவில் சொன்ன மோதிரத்துக்கு வெட்டுவதுதான் வழி. வெட்டிய இடம்தான் தவறு.

என் கதை சிறியது. முத்து மோதிரத்தைக் கொடுத்தேன். அடுப்பருகே கொண்டுபோகும் முன்பே பத்தர் முத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "வேலை முடியும்வரை நீங்களே வைத்திருங்கள்" என்றார். அவரிடம் எனக்கு அன்று வந்த மரியாதை குறையவே இல்லை.

கொடுக்கப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள். முத்து, ஓப்பல், மரகதம் மூன்றும் சூட்டைத் தாங்காது. ஓப்பலில் நீர் இருக்கிறது, சூடுபட்டால் வெடிக்கும். பெரும்பாலான மரகதங்களில் விரிசலை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், சூட்டில் அது வெளியேறி விரிசல் பளிச்சென்று தெரியும். கல்லைக் கழற்றிவிட்டுத்தான் பற்றவைப்பார்களா, அல்லது லேசரில் ஒட்டுவார்களா என்று முதலில் கேளுங்கள். லேசரில் சூடு அந்த ஒரு புள்ளியோடு நின்றுவிடும். வெள்ளி மோதிரம் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. வெள்ளியில் சூடு வேகமாகப் பரவும், அடியில் சுட்டாலும் மேலே கல்வரை போய்விடும்.

அளவு எடுக்கும் நேரமும் முக்கியம். குளிரில் விரல் சுருங்கும், வெயிலிலும் உப்பு அதிகம் சாப்பிட்ட பிறகும் வீங்கும். குளிர்ந்த கையோடு போய் அளவு கொடுத்தால் பிறகு மோதிரம் இறுக்கும். அகலப் பட்டை மோதிரம் அதே அளவிலும் இறுக்கமாகத் தெரியும் என்பதால் அதற்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். உள்விட்டம் 1 மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் வெட்டி எடுக்கும் துண்டு சுமார் 3.14 மில்லிமீட்டர். கண்ணுக்குச் சின்ன மாற்றமாகத் தெரிவது பொன்னில் அவ்வளவு நீளம். ஆகவே எடை போட்டுக் கொடுங்கள், எடை போட்டு வாங்குங்கள், வெட்டிய துண்டையும் கேட்டு வாங்குங்கள். வெள்ளைத் தங்கம் என்றால் மேலே பளபளப்புக்குப் போடும் ரோடியம் என்ற வெண்ணிற உலோகப் பூச்சை மறுபடி போட வேண்டியிருக்கும். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தையும் டங்ஸ்டன் மோதிரத்தையும் வெட்டிக் குறைக்கவே முடியாது.

பதிவு 4

டங்ஸ்டன் பற்றி மேலே சொன்னது உண்மை. என் கணவருடையது அது. எந்தப் பட்டறையிலும் தொட மறுத்துவிட்டார்கள். அறுக்க முடியாத கடினம், அழுத்தினால் உடைந்துவிடும் என்றார்கள். சிறிய அளவில் வேறொன்றுதான் வாங்கினோம். பழையது பெட்டியில் இருக்கிறது. "கல்யாணத்தன்று போட்டது இது இல்லையே" என்று அவர் இன்னும் சொல்கிறார்.

பதிவு 5

அறிவுரை நீளமாக இருந்தாலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வெட்டுவதோடு வேலை முடிவதில்லை, வளையத்தை இறுக்கி வளைக்க வேண்டும். அப்போது மேலே கல் இருக்கும் பகுதியும் சேர்ந்து வளையும், கல்லைக் கவ்வியிருக்கும் பற்கள் நெகிழும். மோதிர அளவு எண்ணில் இரண்டுக்கு மேல் குறைக்கப் பலர் தயங்குவது இதனால்தான். என் மோதிரத்தை அதற்கும் மேல் குறைத்தார்கள். விரலில் கச்சிதமாக உட்கார்ந்தது. சில நாளில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோது கண்ணில் பட்டது, நடுக்கல் இருந்த இடத்தில் குழி. நான்கு பற்களும் வளையாமல் நிமிர்ந்தே நின்றன. அடுத்த நிறுத்தம்வரை குனிந்து தேடினேன். கல் கிடைக்கவில்லை.

பத்தர் ஒருவர் பிறகு சொல்லிக் கொடுத்ததை இங்கே எழுதிவைக்கிறேன். வேலை முடிந்த மோதிரத்தைக் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் காதருகே பிடித்து விரலால் சுண்டுங்கள். உள்ளே கிடுகிடுவென்று சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.